மருத்துவமனையின் உமிழ்வைக் குறைக்க எதிலிருந்து தொடங்குவது? ஐந்து வழிகளின் ஒப்பீடு

மருத்துவமனை நிர்வாகிகள், செவிலியர் கண்காணிப்பாளர்கள், பொறியியல் பிரிவினர் என வெவ்வேறு பொறுப்பில் இருக்கும் வாசகர்கள் ஒரே கேள்வியை வெவ்வேறு சொற்களில் கேட்டு வருகிறார்கள். பசுமைக் குழு அமைத்தாகிவிட்டது, ஓராண்டுக்கு ஓரளவு நிதியும் ஒதுக்கியாகிவிட்டது. ஆனால் முதல் கூட்டத்திலேயே பேச்சு ஐந்து திசைகளில் போய்விடுகிறது. ஒருவர் கூரையில் சூரிய மின்தகடு வைக்க வேண்டும் என்கிறார். ஒருவர் பிளாஸ்டிக் பொருள்களை நிறுத்த வேண்டும் என்கிறார். மயக்கவியல் மருத்துவரோ அறுவை அரங்கின் வாயுக்களைப் பற்றிப் பேசுகிறார். அனைத்தையும் ஒரே ஆண்டில் செய்ய ஆளும் இல்லை, பணமும் இல்லை என்னும்போது எதை முதலில் எடுப்பது?

கேள்வி சிறியதன்று. உலகின் மொத்த பசுமை இல்ல வாயு உமிழ்வில் மருத்துவத் துறையின் பங்கு சுமார் 4.4 சதவீதம் என்று ‘ஹெல்த் கேர் வித்தவுட் ஹார்ம்’ அமைப்பு 2019இல் வெளியிட்ட அறிக்கை கணக்கிட்டது. காலநிலை மாற்றத்தால் 2030 முதல் 2050 வரை ஆண்டுதோறும் கூடுதலாக 2,50,000 பேர் ஊட்டச்சத்துக் குறைபாடு, மலேரியா, வயிற்றுப்போக்கு, வெப்ப அழுத்தம் ஆகியவற்றால் உயிரிழக்கக்கூடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அந்த நோயாளிகள் நம் வாசலுக்குத்தான் வரப்போகிறார்கள். அவர்களுக்கு மருத்துவம் பார்க்கும் இடமே அவர்கள் நோய்க்கு ஒரு காரணமாக இருப்பதை ஏற்க என்னால் முடியவில்லை.

நான் அறுவை அரங்கில் பணியாற்றியவன். ஆகவே வாயுக்களைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதியிருக்கிறேன். இன்ஹேலரைப் பற்றிச் சுருக்கமாகவே எழுதியிருக்கிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

பெரும்பாலான குழுக்கள் ‘எதன் பங்கு அதிகம்’ என்ற ஒரே அளவுகோலோடு தொடங்குகின்றன. மேற்சொன்ன அறிக்கையின்படி துறையின் உமிழ்வில் 17 சதவீதம் மருத்துவமனையிலிருந்தும் அதன் வாகனங்களிலிருந்தும் நேரடியாக வெளியேறுவது. 12 சதவீதம் விலைக்கு வாங்கும் மின்சாரம், நீராவி போன்றவற்றால் வருவது. எஞ்சிய 71 சதவீதம் மருந்து, கருவி, உணவு, போக்குவரத்து என வெளியிலிருந்து வரும் பொருள்களிலும் சேவைகளிலும் அடங்கியிருப்பது. அந்த 71 சதவீதத்தைப் பார்த்தவுடன் ‘கொள்முதல்தான் முக்கியம்’ என்று தீர்மானித்துவிட்டு, மருந்து ஆலைகளின் மீது எந்த அதிகாரமும் இல்லாத ஒரு குழு ஓராண்டு முழுவதும் கடிதம் எழுதிக்கொண்டிருக்கும். பங்கின் அளவு முக்கியம்தான், ஆனால் அது ஐந்தில் ஓர் அளவுகோல் மட்டுமே.

முதல் அளவுகோல் நோயாளியின் பாதுகாப்பு. சிகிச்சையின் தரத்தை ஒரு சிறிதேனும் குறைக்கும் வழி எவ்வளவு உமிழ்வைக் குறைத்தாலும் பட்டியலில் இடம்பெறக் கூடாது. இரண்டாவது, முடிவு யார் கையில் இருக்கிறது என்பது: துறைத்தலைவர் ஒருவரே செய்துவிடக்கூடியதா, நிர்வாகக் குழுவின் ஒப்புதல் வேண்டுமா, அரசின் கொள்கையே மாற வேண்டுமா? மூன்றாவது பங்கின் அளவு. நான்காவது செலவு, வாங்கும்போது தெரியும் விலையோடு, பிறகு தெரியவரும் விலையையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஐந்தாவது, ஆறு மாதத்தில் குறைந்ததா இல்லையா என்று எண்ணிக் காட்ட முடிகிறதா என்பது. எண்ணிக் காட்ட முடியாத முயற்சி இரண்டாம் ஆண்டு நிதிநிலைத் திட்டத்தில் தப்பிப் பிழைப்பதில்லை.

## 1. மயக்க மருந்து வாயுக்கள்

நோயாளி சுவாசிக்கும் மயக்க வாயுவில் உடல் சிதைப்பது மிகச் சொற்பம். மீதி அனைத்தும் மூச்சோடு வெளியே வந்து, கழிவு வாயுக் குழாய் வழியாகக் கட்டடத்துக்கு வெளியே போய், அப்படியே வளிமண்டலத்தில் கலக்கிறது. நாம் நோயாளிக்குக் கொடுப்பதாக நினைப்பதைப் பெரும்பாலும் வானத்துக்குத்தான் கொடுக்கிறோம்.

வாயுக்களுக்குள் வேறுபாடு மிகப் பெரியது. 100 ஆண்டுக் கணக்கில், மயக்க வாயுக்களில் ஒன்றான டெஸ்ஃபுளூரேனின் வெப்பமூட்டும் திறன் கரியமில வாயுவைப்போல் சுமார் 2,540 மடங்கு. ஐசோஃபுளூரேனுடையது சுமார் 510 மடங்கு. செவோஃபுளூரேனுடையது சுமார் 130 மடங்கு. 240 மில்லி டெஸ்ஃபுளூரேன் பாட்டில் ஒன்று தீரும்போது வெளியேறுவது ஏறத்தாழ 890 கிலோ கரியமில வாயுவுக்கு நிகர். 250 மில்லி செவோஃபுளூரேன் பாட்டிலுக்கு அது 50 கிலோ அளவில்தான். அதோடு, அதே மயக்க நிலைக்கு டெஸ்ஃபுளூரேன் மூன்று மடங்கு அடர்த்தியில் தேவைப்படுகிறது என்பதால், உண்மையான இடைவெளி இந்த எண்கள் காட்டுவதைவிடவும் அகலமானது. ஸ்காட்லாந்து 2023 மார்ச்சில் தன் மருத்துவமனைகளில் டெஸ்ஃபுளூரேனை நிறுத்தியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2026 ஜனவரி 1 முதல், மருத்துவக் காரணத்தால் வேறு வழியே இல்லாதபோது மட்டும்தான் அதைப் பயன்படுத்தலாம்.

நைட்ரஸ் ஆக்சைடின் கதை வேறு. அதன் வெப்பமூட்டும் திறன் சுமார் 270 மடங்கு என்றாலும், வளிமண்டலத்தில் அது நூறாண்டுக்கு மேல் தங்குகிறது, ஓசோன் படலத்தையும் அரிக்கிறது. பெரிய மருத்துவமனைகளில் இது கிடங்கிலுள்ள சிலிண்டர் வரிசையிலிருந்து குழாய் வழியாக அரங்குகளுக்கு வருகிறது. ஸ்காட்லாந்தில் தொடங்கிய கணக்கெடுப்புகள், வாங்கிய நைட்ரஸ் ஆக்சைடில் பெரும்பகுதி எந்த நோயாளியையும் எட்டாமலே குழாய் இணைப்புகளிலும் வால்வுகளிலும் கசிந்து போவதை வெளிக்கொண்டு வந்தன. மையக் குழாய்வழி விநியோகத்தை நிறுத்திவிட்டுச் சிறு சிலிண்டர்களுக்கு மாறும்படி அமெரிக்க மயக்கவியல் வல்லுநர் சங்கமே பரிந்துரைத்துள்ளது.

கசிவு ஏன் கண்ணில் படவில்லை என்பதற்கு ஓர் எளிய காரணம் உண்டு. சிலிண்டருக்குள் நைட்ரஸ் ஆக்சைடு திரவமாக இருக்கிறது. திரவம் ஒரு துளி இருக்கும்வரை அழுத்தமானியின் முள் அசையாது. முள் இறங்கத் தொடங்கும்போது சிலிண்டரின் பெரும்பகுதி காலியாகியிருக்கும். தினமும் காலையில் முள்ளைப் பார்த்துப் பதிவேட்டில் ‘சரி’ என்று எழுதி வந்திருக்கிறோம். முள்ளும் ஒவ்வொரு நாளும் சரியாகத்தான் இருந்தது. கசிவைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் சிலிண்டரைத் தராசில் ஏற்ற வேண்டும்; அல்லது ஓராண்டில் வாங்கிய சிலிண்டர் எண்ணிக்கையையும் மயக்கப் பதிவேடுகளின்படி உண்மையில் பயன்பட்ட அளவையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். இதற்குப் பொறியாளர் ஒருவரும் மயக்கவியல் மருத்துவர் ஒருவரும் இரண்டு வாரம் சேர்ந்து உட்கார்ந்தால் போதும்.

மறைந்திருக்கும் செலவுகளையும் சொல்ல வேண்டும். வாயுவின் ஓட்டத்தை நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்குக் கீழே குறைத்தால் கரியமில வாயுவை உறிஞ்சும் சுண்ணாம்புக் குப்பி விரைவில் தீரும். வாயுவே வேண்டாமென்று ஊசிவழி மயக்க மருந்தான புரோபோஃபாலுக்கு மாறினால் சிரிஞ்சும் குழாயும் கூடும். மீந்த மருந்தைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது. இவற்றையெல்லாம் கூட்டினாலும் டெஸ்ஃபுளூரேனோடு ஒப்பிடுகையில் உமிழ்வு மிகக் குறைவுதான். பிரசவ அறையில் வலி தணிக்கப் பயன்படும் நைட்ரஸ் ஆக்சைடு கலவை தனி விஷயம். அறுவை அரங்கின் குழாயை மூடும் உற்சாகத்தில் ஒரு தாயின் வலி நிவாரணத்தைப் பறித்துவிடக் கூடாது.

இந்த வழியின் எல்லையையும் மறைக்க விரும்பவில்லை. டெஸ்ஃபுளூரேன் வளிமண்டலத்தில் சுமார் 14 ஆண்டுகளும் செவோஃபுளூரேன் ஓரிரு ஆண்டுகளுமே நீடிப்பதால், 100 ஆண்டுக் கணக்கு இவற்றின் பாதிப்பை மிகைப்படுத்துகிறது என்று வாதிடும் அறிவியலாளர்கள் இருக்கிறார்கள். நைட்ரஸ் ஆக்சைடுக்கு அந்த வாதம் பொருந்தாது. எந்தச் சிகிச்சைக்கும் உதவாமல் கசியும் வாயுவை நிறுத்துவதற்கோ வாதமே தேவையில்லை.

## 2. மின்சாரமும் குளிரூட்டலும்

மருத்துவமனை உறங்காத கட்டடம். வான்கூவர், மினியாப்பொலிஸ், ஆக்ஸ்ஃபோர்டு நகரங்களில் உள்ள மூன்று மருத்துவமனைகளை ஒப்பிட்டு 2017இல் வெளியான ஆய்வு, அறுவை அரங்குகள், பரப்பளவுக்கு ஒப்பிட்டால், முழு மருத்துவமனையின் சராசரியைவிட 3 முதல் 6 மடங்கு ஆற்றலை உட்கொள்வதைக் காட்டியது. அதில் மிகப் பெரும்பகுதி விளக்குகளுக்கோ கருவிகளுக்கோ போகவில்லை, காற்றை வடிகட்டிக் குளிரூட்டி மாற்றிக்கொண்டே இருப்பதற்குப் போகிறது. இரவில் ஆளில்லாத அரங்கிலும் காற்று அதே வேகத்தில் மாறிக்கொண்டிருக்கும்.

ஆகவே இந்தத் தலைப்புக்குள்ளேயே ஒரு வரிசை இருக்கிறது. கூரையில் சூரிய மின்தகடு வைப்பது கண்ணுக்குத் தெரியும், திறப்பு விழாவும் நடத்தலாம். ஆனால் பயன்பாட்டில் இல்லாத அரங்குகளில் காற்றுமாற்று வேகத்தைக் குறைக்கும்படி கட்டுப்பாட்டு அமைப்பைச் சரிசெய்வது அதற்கு முன்பே செய்யப்பட வேண்டியது. அறைகளுக்கு இடையிலான அழுத்த வேறுபாடு குலையாமல், முதல் அறுவைக்கு முன் காற்று பழைய நிலைக்குத் திரும்பும்படி, தொற்றுத் தடுப்புக் குழுவின் ஒப்புதலோடு இதைச் செய்ய வேண்டும். வீணாகும் மின்சாரத்தைச் சூரிய ஒளியிலிருந்து எடுத்தாலும் அது வீண்தான்.

சூரிய மின்சாரத்தின் மறைமுகச் செலவுகள் பல. கூரை அந்தப் பாரத்தைத் தாங்குமா என்ற சோதனை, தகடுகளில் படியும் தூசியை ஒழுங்காகத் துடைக்கும் ஏற்பாடு, தகடுகளுக்கு முன்பே ஆயுள் முடிந்துபோகும் இன்வெர்ட்டரும் பேட்டரியும், பராமரிப்புக்கான ஆள் ஆகியவை கொள்முதல் விலையில் சேர்வதில்லை. கட்டடத்தைக் குளிரூட்டும் சில்லர் இயந்திரங்களிலிருந்து கசியும் குளிர்பதன வாயுக்கள் பலவும் கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் வெப்பமூட்டக்கூடியவை என்பதால், சில்லர் பராமரிப்புப் பதிவேட்டில் ஆண்டுக்கு எத்தனை முறை வாயு நிரப்பப்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

ஆனால் மின்சாரமே நிலையில்லாத இடங்களில் கணக்கு முற்றிலும் மாறிவிடுகிறது. மின்சாரமே இல்லாத அல்லது நம்ப முடியாத மின்சாரம் உள்ள மருத்துவ நிலையங்களை நம்பியிருப்போர் ஏறத்தாழ 100 கோடி பேர் என்று உலக சுகாதார நிறுவனமும் மற்ற அமைப்புகளும் 2023இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. அங்கே சூரிய மின்சாரம் டீசலை மிச்சப்படுத்துகிறது, தடுப்பூசிக் குளிர்பெட்டியைக் காக்கிறது, நள்ளிரவுப் பிரசவத்துக்கு வெளிச்சம் தருகிறது. உமிழ்வுக் கணக்கு அங்கே இரண்டாவதாகத்தான் வரும். அப்படித்தான் வரவும் வேண்டும்.

## 3. ஒருமுறைப் பொருளா, மறுபயன்பாட்டுப் பொருளா

துணி அங்கியா, வீசியெறியும் அங்கியா? தொண்டைக்குள் பார்த்துச் சுவாசக் குழாய் செலுத்த உதவும் லாரிங்கோஸ்கோப் எஃகிலா, பிளாஸ்டிக்கிலா? உள்ளுணர்வு சொல்லும் விடை ‘மறுபயன்பாடு’. பெரும்பாலும் அது சரியே. ஆனால் எப்போதும் சரியில்லை என்பதை ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன் மருத்துவமனை ஒன்றில் மயக்கக் கருவிகளை வைத்து நடந்த ஆய்வு காட்டியது. அங்கே கிருமிநீக்கத்துக்கான மின்சாரம் பெரும்பாலும் நிலக்கரியிலிருந்து வந்ததால், மறுபயன்பாட்டுக் கருவிகளின் உமிழ்வு ஒருமுறைக் கருவிகளைவிட ஏறத்தாழ 10 சதவீதம் அதிகமாக இருந்தது. அதே கருவிகளை ஐரோப்பிய மின்சாரத்தில் கழுவுவதாக வைத்துக் கணக்கிட்டபோது 84 சதவீதம் குறைந்தது. ஆனால் மெல்பர்னிலும் பணம் மிச்சமானது.

இந்த ஒரு முடிவு வழிகளின் வரிசையையே மாற்றுகிறது. மின்சாரம் தூய்மையாகும்போது மறுபயன்பாட்டின் நன்மை தானாகவே பெருகும். நீராவியால் கிருமிநீக்கும் ஆட்டோகிளேவைப் பாதி நிரப்பி ஓட்டும் வழக்கம் இருந்தால் அந்த நன்மை கரைந்துபோகும். கழுவுவோருக்கான ஊதியம், தண்ணீர், தொலைந்துபோகும் கருவிகள், ஒவ்வொரு சுற்றையும் பதிவுசெய்யும் வேலை ஆகியவை மறைந்திருக்கும் செலவுகள். ஒருமுறைப் பொருளின் மறைமுகச் செலவோ கழிவில் வருகிறது. மருத்துவக் கழிவில் சுமார் 85 சதவீதம் ஆபத்தில்லாத சாதாரணக் கழிவு என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அதைத் தொற்றுக் கழிவுப் பையில் போடும் ஒவ்வொரு முறையும் காகித உறையை எரிப்பதற்குத் தொற்றுக் கழிவின் விலையைக் கொடுக்கிறோம்.

இரண்டில் எது என்று கேட்பதற்கு முன், அந்தப் பொருள் வேண்டுமா என்று கேட்பது நல்லது. லண்டனில் உள்ள கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனை 2018இல் செவிலியர் முன்னெடுப்பில், தேவையில்லாத இடங்களில் கையுறையைத் தவிர்க்கும் இயக்கத்தைத் தொடங்கியது. ஓராண்டில் 21 டன் பிளாஸ்டிக் குறைந்தது. கையுறை போட்டதாலேயே கைகழுவ மறப்பதும் குறைகிறது என்பதால், நோயாளியின் பாதுகாப்பும் உமிழ்வுக் குறைப்பும் இங்கே ஒரே பக்கம் நிற்கின்றன.

## 4. இன்ஹேலர்கள்

அழுத்தி வெளிவிடும் இன்ஹேலர்களில் பெரும்பாலானவற்றில் மருந்தைத் தள்ளும் உந்துவாயு, கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் வெப்பமூட்டக்கூடியது. இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரச் சேவையின் மொத்த உமிழ்வில் இவற்றின் பங்கு மட்டும் சுமார் 3 சதவீதம். உலர்பொடி இன்ஹேலரில் உந்துவாயுவே இல்லை. ஆனால் அதை வலுவாக உறிஞ்ச வேண்டும். சிறு குழந்தையாலும், கடும் மூச்சிரைப்பில் தவிப்பவராலும் அது முடியாது. அவர்களுக்கு, மருந்தைச் சற்றுத் தேக்கிவைக்கும் ஸ்பேசர் குழலோடு கூடிய அழுத்த இன்ஹேலர்தான் சரி. நோயாளியிடம் கேட்காமல் மருந்துச்சீட்டில் மட்டும் மாற்றினால் ஆஸ்துமா கட்டுப்பாடு கெடும், அவசரப் பிரிவுக்கு வருவது கூடும், உமிழ்வும் மிச்சமாகாது. புறநோயாளிப் பிரிவும் சுவாச நோய் மருத்துவரும் உள்ள இடத்தில் இது நல்ல வழி. அறுவை மட்டுமே நடக்கும் மருத்துவமனைக்குப் பொருந்தாது.

## 5. தேவையற்ற மருத்துவத்தைக் குறைப்பது

மிகக் கடினமான வழி இதுவே. மிக ஆழமானதும் இதுவே. எடுக்காத ஸ்கேனுக்கு மின்சாரம் வேண்டாம், குத்தாத ஊசிக்குக் கழிவுப் பை வேண்டாம், உருவாக்காத மருந்துக்கு ஆலை வேண்டாம். மற்ற நான்கு வழிகளும் ஒரு செயலின் உமிழ்வைக் குறைக்கின்றன, இதில் செயலே இல்லாமல் போகிறது. வெளியிலிருந்து வாங்குபவற்றில் அடங்கிய அந்த 71 சதவீதத்தின் மீது மருத்துவமனைக்கு உண்மையில் இருக்கும் பிடி கொள்முதல் அலுவலரிடம் இல்லை, மருந்துச்சீட்டு எழுதும் பேனாவிடம் இருக்கிறது.

வார்டில் நாள்தோறும் நடப்பதையே பாருங்கள். அறுவை முடிந்து நன்றாக விழுங்கக்கூடிய நோயாளிக்கு வலிக்குப் பாராசிட்டமால் ஏறுகிறது. நரம்பு வழியாக என்றால் ஒரு பாட்டில், அதன் ரப்பர் மூடி, அலுமினிய வளையம், ட்ரிப் செட், அதன் உறை, கையில் செருகும் கேனுலாக் குழாய், அதை ஒட்டும் பிளாஸ்திரி, கழுவ உப்புநீர் சிரிஞ்ச், செவிலியரின் பதினைந்து நிமிடம் என்று வரிசை நீள்கிறது. வாய்வழி என்றால் இரண்டு மாத்திரையும் ஒரு குவளைத் தண்ணீரும். விழுங்கக்கூடியவருக்கு வலி தணிவது இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றே. உமிழ்வோ பல மடங்கு வேறுபடுகிறது. கேனுலா இல்லாத கையில் அதனால் வரும் ரத்தக்குழாய் அழற்சியும் வராது.

பரிசோதனைகளிலும் இதே நிலை. ஓர் எம்ஆர்ஐ எடுப்பதன் உமிழ்வு சுமார் 17 கிலோ கரியமில வாயுவுக்கு நிகர், சிடி ஸ்கேனுக்குச் சுமார் 9 கிலோ, அல்ட்ராசவுண்டுக்கு அரைக் கிலோ அளவு என ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று அளந்தது. அல்ட்ராசவுண்டில் விடை கிடைக்கும் கேள்விக்கு எம்ஆர்ஐ எழுதுவதன் பொருள் என்ன என்பதை இந்த எண்கள் சொல்கின்றன.

இந்த வழியின் மறைமுகச் செலவு பணம் அன்று, நம்பிக்கை. ‘சுற்றுச்சூழலுக்காக எனக்குச் சோதனை மறுக்கப்படுகிறது’ என்று ஒரு நோயாளி நினைத்துவிட்டால் முயற்சி அங்கேயே முடிந்துவிடும். ஆகவே உரையாடல் எப்போதும் சிகிச்சையின் பயனிலிருந்தே தொடங்க வேண்டும். உமிழ்வுக் குறைவு அதன் விளைவாக வர வேண்டும். இன்னொரு தடையும் உண்டு: சோதனைகளின் எண்ணிக்கையை வைத்து வருமானம் வரும் மருத்துவமனையில் இந்த வழி நிர்வாகத்தோடு நேராக மோதும். அதை மறைத்துக்கொண்டு பசுமைக் குழு நடத்துவதில் பயனில்லை.

## ஒரே பார்வையில்

| வழி | முடிவு யார் கையில் | முதல் செலவு | பலன் தெரியும் காலம் | கவனிக்க வேண்டியது |
|---|---|---|---|---|
| மயக்க வாயுக்கள் | மயக்கவியல் துறை, பொறியியல் பிரிவு | மிகக் குறைவு | மாதங்கள் | பிரசவ அறையின் வலி நிவாரணம் |
| காற்றோட்டத்தைச் சீரமைத்தல் | பொறியியல், தொற்றுத் தடுப்புக் குழு | குறைவு | மாதங்கள் | அறை அழுத்த வேறுபாடு |
| சூரிய மின்சாரம் | நிர்வாகம் | மிக அதிகம் | ஆண்டுகள் | பேட்டரி, பராமரிப்பு |
| மறுபயன்பாடு | கொள்முதல், கிருமிநீக்கப் பிரிவு | நடுத்தரம் | ஓராண்டு | மின்சாரம் எதிலிருந்து வருகிறது |
| இன்ஹேலர் | மருத்துவரும் நோயாளியும் | குறைவு | ஓராண்டு | உறிஞ்சும் வலு |
| தேவையற்ற மருத்துவம் | ஒவ்வொரு மருத்துவரும் | பணமாக இல்லை | மெதுவாக, தொடர்ந்து | நோயாளியின் நம்பிக்கை |

## எந்த நிலையில் எது

டெஸ்ஃபுளூரேனோ குழாய்வழி நைட்ரஸ் ஆக்சைடோ உள்ள மருத்துவமனை வேறு எதையும் யோசிக்காமல் வாயுவிலிருந்து தொடங்கலாம். ஒப்பீட்டுக்கு எடுத்த வழிகளில், நோயாளிக்கு எதையும் இழக்க வைக்காமல், மூலதனமே இல்லாமல், சிலிண்டர் எண்ணிக்கையிலேயே பலனைக் காட்டக்கூடியது இது ஒன்றுதான். அதில் மிச்சமாகும் பணத்தைக் காற்றோட்டக் கட்டுப்பாட்டுக்குத் திருப்பலாம். குழுவின் மீது நிர்வாகத்துக்கு நம்பிக்கை வருவதற்கும் முதல் ஆண்டிலேயே ஒரு வெற்றி தேவைப்படுகிறது.

மின்சாரம் அடிக்கடி நின்றுபோகும் சிறிய மருத்துவ நிலையத்துக்குச் சூரிய மின்சாரமே முதல் தேர்வு, விலை அதிகமானாலும். அங்கே அது சிகிச்சையின் அடித்தளம்.

மின்சாரம் பெருமளவு நீர்மின், காற்று, சூரிய ஒளி ஆகியவற்றிலிருந்து வரும் இடத்தில், நல்ல கிருமிநீக்கப் பிரிவும் இருந்தால், மறுபயன்பாட்டை முன்னுக்குக் கொண்டுவரலாம். நிலக்கரி மின்சாரம் உள்ள இடத்தில் அங்கி, துணி விரிப்பு, கையுறை ஆகியவற்றைத் தேவைக்கு மட்டும் பயன்படுத்துவதோடு நிறுத்திக்கொண்டு, கருவிகளின் மாற்றத்தைப் பிறகு பார்க்கலாம். மறுபயன்பாடு தரும் பண மிச்சத்துக்காக மட்டும் அதைச் செய்வதிலும் தவறில்லை, ஆனால் அதை உமிழ்வுக் குறைப்பு என்று அறிக்கையில் எழுதக் கூடாது.

அறுவை அரங்கே இல்லாத, புறநோயாளிகளை மட்டும் பார்க்கும் இடங்களுக்கு இன்ஹேலரும் ஐந்தாவது வழியும் சேர்ந்தே தொடக்கமாக அமையும். அங்கே முதல் வேலை, கடந்த ஆண்டில் மூச்சிரைப்பைத் தணிக்கும் இன்ஹேலரை மிகுதியாக வாங்கிய நோயாளிகளின் பட்டியலை எடுப்பது. அவர்களில் பெரும்பாலோருக்கு ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை என்பதே பொருள். அவர்களை அழைத்து, தடுப்பு மருந்தைச் சரிசெய்து, இன்ஹேலரை உறிஞ்சும் முறையை நேரில் செய்துகாட்டச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

ஐந்தாவது வழியை மட்டும் எந்த மருத்துவமனையும் ‘பிறகு பார்க்கலாம்’ என்று தள்ளிவைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அதற்குக் குழுவின் தீர்மானம்கூடத் தேவையில்லை. நாளைக் காலை வார்டுச் சுற்றில், நரம்பு வழியாகப் பாராசிட்டமால் ஏறும் ஒவ்வொரு படுக்கையின் முன்பும் நின்று, ‘இவர் காலையில் உணவு சாப்பிட்டாரா?’ என்று செவிலியரிடம் கேட்டால் போதும்.